விண்டோஸ் 10-இல் நிற்பதா, 11-க்கு மாறுவதா: ஒரு 2017 கணினியில் செய்து பார்த்தவை

2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கான ஆதரவு முடிகிறது என்ற அறிவிப்பு திரையில் அடிக்கடி வரத் தொடங்கிய பிறகு, எங்கள் வீட்டுக் கணினியை விண்டோஸ் 11-க்கு மாற்றுவதா, இருப்பதையே வைத்துக்கொள்வதா, வேறு இயங்குதளத்துக்குப் போய்விடுவதா என்று முடிவெடுத்தே ஆக வேண்டிய நிலை வந்தது. அந்த முடிவுக்காக எதையெல்லாம் சோதித்தேன், எந்த வரிசையில் செய்தேன், எதை எந்தக் காரணத்தால் விலக்கினேன் என்பதை இங்கே பதிவு செய்கிறேன். இதே வயதுள்ள கணினியை வைத்துக்கொண்டு இதே கேள்வியோடு இருப்பவர்கள் பலர் என்பதால், சில இடங்களில் விரிவாகவே எழுதியிருக்கிறேன்.

கணினி 2017-இல் உள்ளூர்க் கடையில் அசெம்பிள் செய்து வாங்கியது. ஏழாம் தலைமுறையைச் சேர்ந்த இன்டெல் கோர் ஐ5-7400 செயலி, எச்110 சிப்செட் கொண்ட மதர்போர்டு, 8 ஜிபி ரேம், 1 டிபி ஹார்ட் டிஸ்க். தனி கிராஃபிக்ஸ் கார்டு கிடையாது. என் மனைவி இரண்டு சிறு கம்பெனிகளுக்கு வீட்டிலிருந்தே டேலியில் கணக்கு எழுதி, டிஎஸ்சி எனப்படும் டிஜிட்டல் கையொப்பச் சான்றிதழ் உள்ள யுஎஸ்பி டோக்கனைச் செருகி ஜிஎஸ்டி படிவங்களைத் தாக்கல் செய்வதும் இதில்தான். ஓய்வு பெற்ற தமிழாசிரியரான என் அப்பா தம் கட்டுரைகளைப் பழைய தட்டச்சுப் பலகை முறையில் அடித்துச் சேமிப்பதும் இதில்தான். மகளின் படிப்பு வேலைகளும் இதில்தான். ஆகவே இயங்குதளம் மாறுவது என்பது எனக்கு மட்டும் உரிய விருப்பமாக இல்லை. மூன்று பேருடைய வேலையும் மறுநாள் காலையில் நடக்க வேண்டும் என்பதே முதல் நிபந்தனை.

"கணினியை அப்கிரேடு செய்ய வேண்டும்" என்று வீட்டில் யார் சொன்னாலும், அதற்குள் இரண்டு வேறு குறைகள் கலந்திருப்பதைக் கவனித்தேன். ஒன்று, பாதுகாப்புப் புதுப்பிப்புகள் நிற்கப்போகின்றன என்ற கவலை. மற்றது, கணினி மிகவும் மெதுவாக இருக்கிறது என்ற அன்றாடப் புகார். இவ்விரண்டையும் பிரிக்காமல் முடிவெடுத்தால், ஒன்றுக்கான மருந்தை மற்றொன்றுக்குக் கொடுத்துவிடுவோம். எனவே முதலில் வேகத்தைப் பார்த்தேன். கணினியை இயக்கி, டெஸ்க்டாப் வந்ததும் டாஸ்க் மேனேஜரைத் திறந்து வைத்தேன். செயலி பெரும்பாலும் சும்மா இருந்தது. ரேம் பாதியளவே நிரம்பியிருந்தது. டிஸ்க் என்ற பத்தி மட்டும் நெடுநேரம் 100 சதவீதத்தில் நின்றது. மெதுவுக்குக் காரணம் விண்டோஸின் வயதோ செயலியின் வயதோ இல்லை, சுழலும் தட்டுகளைக் கொண்ட அந்த ஹார்ட் டிஸ்க்தான் என்பது தெளிவாயிற்று. இதே டிஸ்க்கின் மேல் விண்டோஸ் 11-ஐ ஏற்றியிருந்தால் மெதுவு தீர்ந்திருக்காது, கூடியிருக்கும்.

அடுத்து கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்ற இலவச மென்பொருளைக் கொண்டு டிஸ்க்கின் உடல்நிலையைப் பார்த்தபோது, நீல நிறத்தில் இருக்க வேண்டிய கட்டம் மஞ்சளாக, எச்சரிக்கை என்ற நிலையில் இருந்தது. அந்தப் பட்டியலில் 05, சி5, சி6 என்ற மூன்று வரிகளைத்தான் முக்கியமாகப் பார்க்க வேண்டும். 05 என்பது கெட்டுப்போய் மாற்றிடம் கொடுக்கப்பட்ட செக்டர்களின், அதாவது டிஸ்க்கின் சிறு சேமிப்புக் கட்டங்களின், எண்ணிக்கை. சி5 என்பது படிக்க முடியாமல் சந்தேகத்தில் நிற்பவற்றின் எண்ணிக்கை. சி6 என்பது திருத்தவே முடியாதவை. எங்கள் டிஸ்க்கில் சி5 வரியின் மூல மதிப்பு சுழியமாக இல்லை. விண்டோஸ் 11-க்கு இருந்த இடத்திலேயே மாறும்போது பழைய அமைப்பு முழுவதும் தனிக் கோப்புறைக்கு நகர்த்தப்பட்டு, பல ஜிபி அளவுக்குப் புதிதாக எழுதப்படும். சந்தேகத்தில் நிற்கும் செக்டர்களைக் கொண்ட டிஸ்க்கில் அப்படி ஒரு வேலையைத் தொடங்குவது கண்ணைத் திறந்துகொண்டே கிணற்றில் இறங்குவதாகும். எந்த இயங்குதளத்துக்குப் போனாலும் சரி, போகாவிட்டாலும் சரி, டிஸ்க் மாறியாக வேண்டும் என்ற முதல் முடிவு இங்கேயே வந்துவிட்டது. இதே கேள்வியோடு இருப்பவர்கள் இந்தச் சோதனையிலிருந்து தொடங்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. ஐந்து நிமிட வேலை இது. பிறகு செய்யும் எல்லாவற்றுக்கும் அடித்தளமும் இதுதான்.

மூவாயிரத்துச் சொச்சம் ரூபாய்க்கு 500 ஜிபி கொள்ளளவுள்ள 2.5 அங்குல சாட்டா எஸ்எஸ்டி ஒன்றை, அதாவது சுழலும் தட்டுகள் இல்லாத சேமிப்பகத்தை, வாங்கினேன். மதர்போர்டிலேயே நேராகச் செருகும் எம்.2 வகையைப் பொருத்த எங்கள் மதர்போர்டில் இடம் இல்லை. இருந்திருந்தாலும் இந்த வீட்டு வேலைகளுக்கு சாட்டா போதுமானது. அதைப் பொருத்துவதற்கு முன்பாகவே, பழைய டிஸ்க்கின் முழுப் பிம்பத்தை, அதாவது அப்படியே ஒரு முழு நகலை, எக்ஸ்டர்னல் டிஸ்க் ஒன்றில் எடுத்துக்கொண்டேன். அதற்கு குளோன்சில்லா என்ற டிஸ்க் நகலெடுக்கும் மென்பொருளை யுஎஸ்பி டிரைவில் ஏற்றி, கணினியை அதிலிருந்து இயக்கினேன். விண்டோஸ் ஓடாத நிலையில் எடுக்கப்படுவதால், திறந்திருக்கும் கோப்புகளால் வரும் சிக்கல் இதில் இல்லை. சி, டி பகுதிகள் ஒழுங்காக வந்தன. ஈ பகுதியில் படிக்க முடியாத இடம் வந்ததும் வேலை நின்றது. படிக்க முடியாததைத் தாண்டிச் செல்லும் மீட்பு விருப்பத்தைத் தேர்ந்தெடுத்து மீண்டும் ஓட்டியபோது முடிந்தது. பாதிக்கப்பட்டது பழைய வீடியோக் கோப்பு ஒன்றுதான். இதற்குப் புறம்பாக, அப்பாவின் கட்டுரைகளையும் டேலியின் டேட்டா கோப்புறையையும் சாதாரணக் கோப்புகளாகவே வேறொரு பென்டிரைவில் நகல் எடுத்து வைத்தேன். பிம்பத்தைத் திறக்கத் தனிக் கருவி வேண்டும். அவசரத்துக்கு எந்தக் கணினியிலும் திறக்கக்கூடிய நகலும் கையில் இருக்க வேண்டும்.

கேபினெட்டைத் திறந்திருந்தபோதே மதர்போர்டில் இருந்த சிஆர்2032 பேட்டரியையும் மாற்றினேன். எட்டு ஆண்டு ஆன பேட்டரி எப்போது வேண்டுமானாலும் ஓயலாம். ஓய்ந்தால் கடிகாரம் பின்னோக்கிப் போய், இணையத்தளங்களின் பாதுகாப்புச் சான்றிதழ் எல்லாம் பிழை என்று காட்டும் என்பது ஒரு பக்கம். விண்டோஸுக்கு முன்பே இயங்கும் மதர்போர்டின் அடிப்படை மென்பொருளான பயாஸில் நாம் செய்யும் மாற்றங்கள் அழிந்து, கணினி பூட் ஆகாமலே நிற்கலாம் என்பது இன்னொரு பக்கம். பயாஸ் அமைப்புகளில் கை வைக்கப்போகிறோம் என்றால், ஐம்பது ரூபாய்க்குள் முடியும் இந்த வேலையை முதலில் செய்துவிடுவது நல்லது.

இனி விண்டோஸ் 11-இன் தகுதிப் பட்டியலுக்கு வருகிறேன். மைக்ரோசாஃப்ட் வழங்கும் பிசி ஹெல்த் செக் மென்பொருளை ஓட்டியபோது, டிபிஎம் 2.0 இல்லை, செக்யூர் பூட் இல்லை, செயலி ஆதரிக்கப்படவில்லை என்று மூன்று குறைகளைக் காட்டியது. டிபிஎம் என்பது மறையாக்கச் சாவிகளைக் காக்கும் அமைப்பு; செக்யூர் பூட் என்பது நம்பகமான மென்பொருளை மட்டும் பூட் ஆக விடும் ஏற்பாடு. இந்த முதல் இரண்டும் உண்மையில் இல்லாதவை அல்ல, அணைத்து வைக்கப்பட்டவை. ஆறாம் தலைமுறை, ஏழாம் தலைமுறை இன்டெல் கணினிகள் பெரும்பாலானவற்றில் டிபிஎம் தனிச் சில்லாக இருக்காது. பிளாட்ஃபார்ம் டிரஸ்ட் டெக்னாலஜி, சுருக்கமாக பிடிடி, என்ற பெயரில் சிப்செட்டின் உள்மென்பொருளிலேயே இருக்கும். பயாஸில் நுழைந்து அதை இயக்கி, கணினியை மறுபடி தொடங்கி, ரன் பெட்டியில் டிபிஎம் டாட் எம்எஸ்சி என்று ஆங்கிலத்தில் கொடுத்தால், பதிப்பு 2.0 என்று காட்ட வேண்டும், காட்டியது. ஏஎம்டி கணினிகளில் இதற்கு எஃப்டிபிஎம் என்று பெயர்.

செக்யூர் பூட் அவ்வளவு நேரடியாக வரவில்லை. சிஸ்டம் இன்ஃபர்மேஷன் பக்கத்தில் பயாஸ் மோடு என்ற வரியில் லெகசி என்று இருந்தது. அதாவது 2017-இல் கடையில் விண்டோஸை நிறுவியவர்கள் பழைய முறையிலேயே, டிஸ்க்கின் பகுதிகளைக் குறித்து வைக்கும் எம்பிஆர் என்ற பழைய வகைப் பகுப்பு அட்டவணையோடு நிறுவியிருக்கிறார்கள். செக்யூர் பூட்டுக்கு யூஈஎஃப்ஐ என்ற புதிய பூட் முறையும் ஜிபிடி என்ற புதிய வகை அட்டவணையும் வேண்டும். கோப்புகளை அழிக்காமலே எம்பிஆரை ஜிபிடியாக மாற்றும் கருவியை மைக்ரோசாஃப்ட் விண்டோஸ் 10-உடனேயே தருகிறது. மாற்றுவதற்கு முன் சரிபார்க்க மட்டும் சொல்லும் விருப்பமும் அதில் உண்டு. சரிபார்த்ததில் தோல்வி. காரணம், அந்தக் கருவி மூன்று முதன்மைப் பகுதிகள் வரைதான் ஏற்கும்; ஒரு பெரிய பகுதியை (எக்ஸ்டெண்டட்) உள்ளே மேலும் பிரித்து உருவாக்கும் லாஜிக்கல் டிரைவ்கள் இருந்தால் ஏற்காது. நம் ஊர்க் கடைகளில் அந்நாளில் சி, டி, ஈ என்று பிரித்துக் கொடுப்பதே வழக்கம். அந்த டி-யும் ஈ-யும் பெரும்பாலும் எக்ஸ்டெண்டட் பகுதிக்குள்தான் இருக்கும். இந்த முட்டுக்கட்டை புது எஸ்எஸ்டியில் தானாகத் தீர்ந்துவிடும் என்பதால் அப்போதைக்கு விட்டுவைத்தேன்.

மூன்றாவது குறைதான் தீர்க்க முடியாதது. விண்டோஸ் 11-இன் ஆதரவுப் பட்டியல் இன்டெல்லில் எட்டாம் தலைமுறையிலிருந்தும், ஏஎம்டியில் ரைசன் 2000 வரிசையிலிருந்தும் தொடங்குகிறது. ஏழாம் தலைமுறையில் கோர் ஐ7-7820எச்கியூ என்ற லேப்டாப் செயலியும் சில எக்ஸ் வரிசைச் செயலிகளும் மட்டும் விலக்காகச் சேர்க்கப்பட்டன. எங்கள் ஐ5-7400 அதில் இல்லை. "அதே சாக்கெட்தானே, எட்டாம் தலைமுறைச் செயலியைப் பழைய விலைக்கு வாங்கிப் போட்டுவிடலாம்" என்று ஒருவர் ஆலோசனை சொன்னார். எட்டாம் தலைமுறைக்கும் எல்ஜிஏ 1151 சாக்கெட்தான் என்பது உண்மை. ஆனால் அதற்கு 300 வரிசைச் சிப்செட் வேண்டும். எச்110-இல் செயலி உட்காருமே தவிர, இயங்காது. பழைய பாகங்கள் வாங்குபவர்கள் இதை அவசியம் நினைவில் வைக்க வேண்டும்.

செயலி பட்டியலில் இல்லாவிட்டாலும் விண்டோஸ் 11-ஐ நிறுவ வழி இருக்கிறது என்பது பரவலாகத் தெரிந்ததே. அதைச் செய்து பார்க்காமல் விலக்கக் கூடாது என்று எண்ணி, பழைய டிஸ்க்கின் கேபிளைக் கழற்றி வைத்துவிட்டு, காலியான எஸ்எஸ்டியில் நிறுவினேன். ரூஃபஸ் மென்பொருளால் நிறுவல் யுஎஸ்பி தயாரிக்கும்போது வன்பொருள் சோதனைகளைத் தவிர்க்கும் விருப்பம் கிடைக்கிறது. பயாஸில் பழைய முறையைத் தாங்கும் சிஎஸ்எம் என்ற அமைப்பை அணைத்தேன். பழைய தனி கிராஃபிக்ஸ் கார்டு வைத்திருப்பவர்கள் இந்த இடத்தில் கவனமாக இருக்க வேண்டும்; யூஈஎஃப்ஐ-க்கு ஏற்ற உள்மென்பொருள் இல்லாத கார்டு என்றால், சிஎஸ்எம்-ஐ அணைத்ததும் திரை வராமல் போகலாம். செயலிக்குள் இருக்கும் எச்டி கிராஃபிக்ஸ் 630-இல் அந்தச் சிக்கல் இல்லை. வேலை முழுவதும் யுபிஎஸ் இணைப்பிலேயே நடந்தது. தாக்கல் தேதிகளான 11-ஐயும் 20-ஐயும் தாண்டிய பிறகே தொடங்கினேன்; ஜிஎஸ்டிஆர்-3பி என்ற ஜிஎஸ்டி படிவத்தைத் தாக்கல் செய்ய வேண்டிய வாரத்தில் வீட்டுக் கணினியைப் பிரித்துப் போடுவது எவ்வகையிலும் நியாயம் ஆகாது.

விண்டோஸ் 11-இன் 24எச்2 பதிப்பு எந்தத் தடங்கலும் இன்றி நிறுவப்பட்டது. ஒலி, நெட்வொர்க், கிராஃபிக்ஸ் டிரைவர்கள் எல்லாம் தாமாகவே வந்தன. எச்பி லேசர்ஜெட் 1020 பிளஸ் பிரிண்டர் வேலை செய்தது, டோக்கன் அடையாளம் காணப்பட்டது, டேலி திறந்தது. எஸ்எஸ்டியின் வேகத்தில் கணினி புதிது போலவே இருந்தது. இந்த ஐ5-7400 விண்டோஸ் 11-ஐ இயக்கத் திராணியற்ற செயலி இல்லை என்பதை நேரில் பார்த்த பிறகு, இப்படிப்பட்ட எத்தனையோ நல்ல கணினிகள் ஒரு பட்டியலின் காரணமாகவே பழைய இரும்புக் கடைக்குப் போகப்போகின்றனவே என்று வருத்தமாகத்தான் இருந்தது.

ஆயினும் இந்த வழியை எடுக்கவில்லை. தகுதி இல்லாத கணினியில் நிறுவினால் புதுப்பிப்புகளைப் பெற உரிமை இல்லை என்று மைக்ரோசாஃப்ட் வெளிப்படையாகவே சொல்கிறது. நடைமுறையில் மாதாந்திரப் புதுப்பிப்புகள் வருகின்றன. ஆனால் ஆண்டுக்கு ஒருமுறை வரும் அடுத்த பதிப்பை நாமே கையால் நிறுவ வேண்டியிருக்கும். 24எச்2 ஹோம் பதிப்புக்கான ஆதரவு 2026 அக்டோபர் 13-இல் முடிகிறது. விண்டோஸ் 10-க்கு நீட்டிக்கப்பட்ட பாதுகாப்புப் புதுப்பிப்புத் திட்டத்தில் பதிவு செய்தால், அதுவும் அதே 2026 அக்டோபர் 13 வரை கிடைக்கிறது. தேதிகளை அருகருகே எழுதி வைத்துப் பார்த்தபோதுதான் இது எனக்கு உறைத்தது. 24எச்2-இல் நின்றால், வாக்குறுதி இல்லாத வழி, வாக்குறுதி உள்ள வழியைவிட ஒரு நாள்கூடக் கூடுதலாகத் தராது. 2025 செப்டம்பர் இறுதியில் வெளியான 25எச்2-ஐ நிறுவினால் 2027 அக்டோபர் வரை போகலாம் என்பது உண்மைதான். ஆனால் இடையில் ஒரு புதுப்பிப்பு இந்தச் செயலியை ஏற்க மறுத்தால், அன்றைக்கு என் மனைவியின் தாக்கல் நின்றுபோகும். கேட்பதற்கு இடமும் இருக்காது. தனியாக, சோதனைக்கென்றே வைத்திருக்கும் கணினி என்றால் நான் தயங்கியிருக்க மாட்டேன்.

இன்னொன்றையும் அந்தச் சோதனையில் கவனித்தேன். 24எச்2-ஐப் புதிதாக நிறுவி மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்ததும் டிஸ்க் மறையாக்கம் கேட்காமலே இயங்கத் தொடங்கியது. அதன் 48 இலக்க மீட்பு எண் அந்தக் கணக்கில் சேமிக்கப்படுகிறது. பிறகு பயாஸில் பிடிடியை அணைத்தாலோ மதர்போர்டு பழுதானாலோ அந்த எண் இல்லாமல் கோப்புகளைத் திறக்க முடியாது. விண்டோஸ் 11-க்குப் போகும் யாரும், போன அன்றே அந்த எண்ணைத் தாளில் எழுதிப் பத்திரப்படுத்த வேண்டும். குறிப்பாக, கணக்கின் கடவுச்சொல் ஒருவருக்கு மட்டுமே தெரிந்த வீடுகளில்.

ஒன்றும் செய்யாமல் விண்டோஸ் 10-லேயே இருந்துவிட்டால் என்ன என்ற கேள்வியும் வீட்டில் வந்தது. அக்டோபர் 14-க்குப் பிறகும் கணினி ஓடும் என்பது சரியே. ஆனால் ஒவ்வொரு மாதமும் இரண்டாம் செவ்வாய்க்கிழமை வெளியாகும் புதுப்பிப்புகளில், விண்டோஸ் 10-க்கும் 11-க்கும் பொதுவான ஓட்டைகள் பல இருக்கும். 11-க்கான திருத்தம் வெளியான உடனேயே, எந்த இடத்தில் ஓட்டை இருந்தது என்பதை ஒப்பிட்டுக் கண்டுபிடிக்க முடியும். திருத்தம் பெறாத கணினிகள் அதன் பிறகு அறிவித்துவிட்டுத் திறந்து வைத்த வீடுகள்தாம். 2017 மே மாதத்தில் கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் வானாக்ரை என்ற தீநிரல் பரவியபோது, அதற்கான திருத்தம் மார்ச் மாதமே வெளியாகியிருந்தது. போட்டுக்கொள்ளாத கணினிகள்தான் பெருமளவில் சிக்கின. வங்கிக் கணக்கும் டிஎஸ்சியும் புழங்கும் கணினியில் அந்த நிலையை ஏற்க எனக்கு மனம் இல்லை. பிரவுசரைப் பொறுத்தவரை உடனடிச் சிக்கல் வராது. விண்டோஸ் 7-க்கு 2020 ஜனவரியில் ஆதரவு முடிந்தும் குரோம் 2023 தொடக்கம் வரை அதில் புதுப்பிக்கப்பட்டது. எல்லாம் ஓடுகிறதே என்ற நிம்மதி தவறாக வருவதற்கு இதுவே காரணமாகவும் ஆகிறது.

விண்டோஸுக்கு மாற்றான இலவச இயங்குதளமான லினக்ஸை முழு மனதோடு பரிசீலித்தேன். லினக்ஸ் மின்ட் 22 வரிசை உபுண்டு 24.04-ஐ அடிப்படையாகக் கொண்டது. 2029 ஏப்ரல் வரை ஆதரவு உண்டு. செயலிக்கு இத்தனையாம் தலைமுறை என்ற நிபந்தனை எதுவும் இல்லை. நிறுவாமலே யுஎஸ்பியிலிருந்து இயக்கிப் பார்க்கலாம் என்பதால், மூவரையும் தனித்தனியே உட்காரவைத்துப் பார்த்தேன். மகளுக்குப் பிரவுசரும் லிப்ரே ஆபீசும் போதுமாக இருந்தன. பிரிண்டர் உடனே அச்சிடவில்லை. இந்த மாடல் தன் உள்மென்பொருளைத் தனக்குள் வைத்திருப்பதில்லை. ஒவ்வொரு முறை மின்சாரம் கொடுக்கும்போதும் கணினிதான் அனுப்ப வேண்டும். லினக்ஸில் எச்பி பிரிண்டர்களை இயக்கும் எச்பிலிப் தொகுப்போடு சேரும் தனி பிளகினை இறக்கிய பிறகு அச்சிட்டது. டேலி மட்டும் விண்டோஸுக்கானது. ஒயின் போன்ற இடைமென்பொருளில் ஓட்டிப் பார்க்கலாம் என்றாலும், பிறருடைய கணக்கு எழுதும் மென்பொருளில் அப்படிச் செய்யக் கூடாது என்று நானும் மனைவியும் ஒரே குரலில் முடிவு செய்தோம்.

அப்பாவின் விஷயத்தில்தான் நான் அதிக நேரம் செலவிட்டேன். அவருடைய கட்டுரைகள் ஒருங்குறிக்கு (யூனிகோடுக்கு) முந்தைய எழுத்துருவில் உள்ளவை. அந்த வகை எழுத்துருக்களில் ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை வைத்திருப்பார்கள். எழுத்துரு இருந்தால் எந்த இயங்குதளத்திலும் கட்டுரை தெரியும், இல்லாவிட்டால் வெறும் ஆங்கில எழுத்துக் குவியல்தான். "எழுத்து உடையாம இருந்தாச் சரிப்பா, மத்ததெல்லாம் நான் பழகிக்கிறேன்" என்றார். அந்த ஒரு நிபந்தனைக்குள் பல வேலைகள் இருந்தன.

தட்டச்சுப் பொறியில் "கொ" அடிக்க, முதலில் கொம்பு, பிறகு "க", பிறகு கால் என்று மூன்று விசைகளைத் தட்டுவோம். பழைய எழுத்துருவில் சேமிக்கப்படுவதும் அதே வரிசையில்தான். ஒருங்குறியில் "க" முதலில் வரும். அதன் பின்னால் "ஒ" குறி ஒரே குறியீடாக நிற்கும். எனவே அவர் விரல் பழக்கம் மாறாமல் ஒருங்குறியில் எழுத வேண்டுமென்றால், தட்டும் வரிசையை உள்ளுக்குள் திருப்பிப் போடும் விசைப்பலகை இயக்கி வேண்டும். விண்டோஸில் உள்ளிணைந்த தமிழ் விசைப்பலகைகளில் தமிழ்99-உம் அஞ்சலும் உண்டு. பழைய தட்டச்சு முறை இல்லை. அதற்கு என்எச்எம் ரைட்டர் போன்ற தனி மென்பொருளை நாட வேண்டும். மின்டில் விசைப்பலகை முறைகளைக் கையாளும் ஐபஸ்ஸோடு எம்17என் தொகுப்பை நிறுவினால், தமிழ்99, இன்ஸ்கிரிப்ட் ஆகியவற்றோடு தட்டச்சு முறையும் பட்டியலில் வந்துவிடுகிறது. அப்பா அதில் ஒரு பக்கம் அடித்துப் பார்த்துவிட்டு, கை தடுமாறவில்லை என்றார். இரு இடத்திலும் வழி இருக்கிறது என்று தெரிந்ததே பெரிய ஆறுதல்.

பழைய கோப்புகளை மாற்றுவது வேறு வேலை. மாற்றி மென்பொருள்கள் இலவசமாகவே கிடைக்கின்றன. தமிழ்ப் பகுதியைச் செம்மையாகவே மாற்றுகின்றன. ஆனால் கட்டுரைக்கு நடுவே ஓர் ஆங்கிலச் சொல்லோ நூற்பெயரோ வந்தால், மாற்றி அதையும் பழைய எழுத்துருவின் தமிழ் என்றே எண்ணி, பொருளற்ற தமிழ் எழுத்துகளாக ஆக்கிவிடுகிறது. கோப்பில் எந்தப் பகுதி எந்த எழுத்துருவில் இருக்கிறது என்பதை வெறும் உரையாக நகலெடுக்கும்போது இழந்துவிடுவதால் இப்படி ஆகிறது. ஆகவே ஒவ்வொரு கட்டுரையையும் மாற்றிய பின் மூலத்தோடு வைத்து ஒருவர் படித்தாக வேண்டும். இது ஒரு வார இறுதியில் முடியும் வேலை இல்லை. இயங்குதளத்தை அவசரமாக மாற்றக் கூடாது என்ற என் எண்ணம் இதைக் கண்ட பிறகுதான் உறுதிப்பட்டது.

புதுக் கணினி வாங்குவது எளிய வழி. கடையில் விசாரித்தபோது, முப்பதாயிரத்துக்குக் குறைந்து எதுவும் சொல்லவில்லை. எஸ்எஸ்டி போட்ட பிறகு இந்தக் கணினியே எங்கள் தேவைக்குத் தாராளமாக இருக்கையில், அந்தச் செலவை இப்போது செய்ய நியாயம் தெரியவில்லை.

எடுத்த முடிவு இது: விண்டோஸ் 10-ஐ எஸ்எஸ்டிக்கு மாற்றி, நீட்டிக்கப்பட்ட புதுப்பிப்புத் திட்டத்தில் பதிவு செய்து, 2026 அக்டோபர் வரை கிடைக்கும் காலத்தில் விண்டோஸைச் சார்ந்த வேலைகளை ஒவ்வொன்றாகக் குறைத்துக்கொள்வது. எஸ்எஸ்டி தயாரிப்பாளர் தரும் பிரதி மென்பொருளைக் கொண்டு, பூட் பகுதியையும் சி பகுதியையும் மட்டும் கொண்டுவந்தேன். டி, ஈ பகுதிகளில் இருந்தவற்றைச் சாதாரணக் கோப்புகளாக நகலெடுத்தேன். லாஜிக்கல் டிரைவ்கள் இல்லாததால், முன்பு மறுத்த அதே ஜிபிடி மாற்றுக் கருவி இம்முறை ஏற்றுக்கொண்டது. மாற்றியதும் பயாஸில் சிஎஸ்எம்-ஐ அணைத்து, செக்யூர் பூட்டை இயக்கினேன். கணினி எதிர்பார்த்தபடி யூஈஎஃப்ஐ முறையில் எழுந்தது. எஸ்எஸ்டியில் 120 ஜிபி அளவுக்கு இடத்தைப் பகுக்காமல் மின்டுக்கென்று விட்டுவைத்திருக்கிறேன்.

நீட்டிப்புத் திட்டத்தில் சேர மூன்று வழிகள் உள்ளன: 30 டாலர் அல்லது அதற்கு ஈடான உள்ளூர்த் தொகையைச் செலுத்துவது, 1000 மைக்ரோசாஃப்ட் ரிவார்ட்ஸ் புள்ளிகளைக் கொடுப்பது, கணினி அமைப்புகளை விண்டோஸ் பேக்கப் வழியாக ஒன்டிரைவில் சேமிக்க ஒப்புக்கொள்வது. மூன்றாவதற்குப் பணம் இல்லை. மூன்றுக்குமே விண்டோஸ் 10 பதிப்பு 22எச்2 ஆக இருக்க வேண்டும். நிர்வாகி உரிமையுள்ள மைக்ரோசாஃப்ட் கணக்கு வேண்டும். இதுவரை லோக்கல் கணக்கிலேயே இருந்த எங்களுக்கு அதுதான் மாற்றமாக இருந்தது. விண்டோஸ் அப்டேட் பக்கத்தின் வலப்புறத்தில் தோன்றும் பதிவு இணைப்பை அழுத்தி, இலவச வழியைத் தேர்ந்தெடுத்தேன். பேக்கப் பக்கத்தில் டாக்குமெண்ட்ஸ், பிக்சர்ஸ் ஆகிய கோப்புறைகளை அணைத்துவிட்டு, அமைப்புகளை மட்டும் வைத்தேன். இல்லாவிட்டால் ஒன்டிரைவ் இலவசமாகத் தரும் 5 ஜிபி உடனே நிரம்பி, வாங்கச் சொல்லித் தொடர்ந்து கேட்கும். கம்பெனிக் கணக்குகள் நமக்குத் தெரியாமல் மேகத்துக்குப் போவதும் எனக்கு ஏற்புடையது அன்று.

2025 நவம்பர் 11-ஆம் தேதிக்குரிய முதல் நீட்டிப்புப் புதுப்பிப்பு நம் நேரப்படி இரவு பதினொன்றரைக்கு மேல்தான் வெளியானது. மறுநாள் காலை கணினியை இயக்கியபோது வந்து காத்திருந்தது. நிறுவிய பிறகு டேலி, டோக்கன், பிரிண்டர் மூன்றையும் ஒருமுறை ஓட்டிப் பார்த்தேன். எல்லாம் சரியாக இருந்தன. டாஸ்க் மேனேஜரில் டிஸ்க் பத்தி இப்போது தொடக்கத்தில் சற்று ஏறிவிட்டு உடனே இறங்கிவிடுகிறது; மெதுவு பற்றிய புகார் வீட்டில் நின்றுவிட்டது.

இனிச் செய்ய வேண்டியவற்றில் முதலாவது, அப்பாவின் கட்டுரைகளை ஒருங்குறிக்கு மாற்றிச் சரிபார்ப்பது. நாளுக்கு ஒன்றிரண்டாக அவரும் மகளும் சேர்ந்து பார்த்துவருகிறார்கள். மகளின் கோடை விடுமுறையில் மின்டை நிறுவி, அவர்கள் இருவரையும் அதற்கு மாற்றுவேன். டேலிக்காக மட்டும் 2026 ஆகஸ்ட் வாக்கில், அலுவலகங்கள் கழித்துவிடும் பழைய மேசைக்கணினி ஒன்றைப் பார்க்கத் திட்டம். அப்போது செயலி எட்டாம் தலைமுறைக்குக் குறையாமல் இருக்கிறதா, பயாஸில் பிடிடி இயங்குகிறதா, விண்டோஸ் 11 முறையான உரிமத்தோடு இருக்கிறதா என்பதைக் கடையிலேயே இயக்கிப் பார்த்த பிறகுதான் பணம் கொடுப்பேன். டிஸ்க்கின் சி5 வரியையும் அங்கேயே பார்த்துவிடுவேன்.